பாஸ்டரும் அவருடைய நாய்களும்

கால்நடை மருத்துவம் படித்தவர்களின் மலரில் ஒரு வேதியியல்காரரின் வாழ்க்கை வரலாறு எதற்கு என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். லூயி பாஸ்டர் டாக்டரும் இல்லை, நம்மைப் போல வெட்டும் இல்லை. ஆனால் இன்றைக்கு ஒருவர் தன் மூன்று மாதக் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நம் கிளினிக் வாசலில் வந்து நிற்கிறார் என்றால், அந்த வரிசை தொடங்கிய இடம் அவருடைய ஆய்வுக்கூடம். நடுவில் நம் தொழிலைச் சேர்ந்த சிலருக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. பாடப்புத்தகத்தில் அவர்கள் பெயர் அடிக்குறிப்போடு சரி. அதையும் சேர்த்துச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி, பிரான்சின் கிழக்குப் பகுதியில் ஜூரா மலைப் பக்கத்தில் டோல் என்ற சிற்றூரில் பாஸ்டர் பிறந்தார். அப்பா ஜான் ஜோசப் தோல் பதனிடும் தொழில் செய்தவர். நெப்போலியன் படையில் இருந்து திரும்பியவர். (டோல் ஊரில் தோல் தொழில், நம் காதுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.) பிறகு குடும்பம் அர்புவா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. பையன் படிப்பில் பெரிய புலி என்று சொல்ல முடியாது. ஆனால் படம் வரைவதில் கெட்டிக்காரன். அவன் வரைந்த அம்மா, அப்பா படங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

1831-இல் அர்புவா பக்கத்தில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று பலரைக் கடித்தது. அந்தக் காலத்தில் அதற்கு ஒரே வைத்தியம், கடிபட்ட இடத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது. ஊர்க் கொல்லர் பட்டறையில் ஒருவருக்கு அப்படிச் சூடு போட்டதை எட்டு வயது லூயி நேரிலேயே பார்த்ததாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கடிபட்டவர்களில் பலர் பிழைக்கவில்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. 1842-இல் அவர் பட்டத் தேர்வு எழுதியபோது வேதியியலில் கிடைத்த குறிப்பு ‘சுமார்’ என்பதுதான். பாரிஸின் எக்கோல் நார்மால் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதி இடமும் கிடைத்தது. ஆனால் வரிசையில் தன் இடம் கீழே இருக்கிறதே என்று அவருக்கே பிடிக்கவில்லை. சேராமல், மறுபடி படித்து, அடுத்த வருஷம் நல்ல இடத்தோடு உள்ளே போனார். 1848-இல் டார்டாரிக் அமில உப்புப் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரித்து, வலக்கை இடக்கை போல இரண்டு வகை உண்டு என்று காட்டினார். வயது 25.

அதற்கடுத்த இருபது ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் படித்ததுதான். 1849-இல் ஸ்டிராஸ்பர்கில் பல்கலைக்கழகத் தலைவரின் மகள் மரி லோரானைத் திருமணம் செய்தார். 1854-இல் லீல் நகரத்தில் டீன். அங்கேதான் நொதித்தல் ஆராய்ச்சி, பின்னால் அன்னக் கழுத்துக் குடுவை, உயிர் தானாக முளைக்காது என்ற நிரூபணம், திராட்சை மதுவைச் சூடாக்கிக் கெடாமல் வைக்கும் முறை எல்லாம் வந்தன. 1865-இல் தென் பிரான்சின் பட்டுப்புழு நோயைப் பார்க்கச் சொல்லி அரசாங்கம் அனுப்பியது. அதுவரை ஒரு பட்டுப்புழுவைக்கூடக் கையால் தொட்டதில்லை. முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய் இருந்தால் அந்த முட்டைகளை ஒதுக்கிவிடு என்ற வழியைக் கொண்டுவந்தார். நம் நாட்டுப் பட்டு முட்டை உற்பத்தி நிலையங்களில் இன்றைக்கும் அதே சோதனைதான் நடக்கிறது.

இந்த வருஷங்களில் அவர் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஐந்து பிள்ளைகளில் மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். மூத்த மகள் ஜான் 1859-இல் டைபாய்டில்; 1865-இல் குட்டிக் கமீய்; 1866-இல் செசீல், அதுவும் டைபாய்டு. 1868 அக்டோபரில் அவருக்கே பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால் போயிற்று. வயது 45. அதற்குப் பிறகு நுணுக்கமான சோதனைகளை வேறொருவர் கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. நாம் இன்று அவர் பெயரில் கொண்டாடும் தடுப்பூசிகள் எல்லாமே இந்தப் பக்கவாதத்துக்குப் பிறகு வந்தவை.

முதலில் கோழிக் காலரா. 1879-80இல் பழைய வளர்ப்புக் குழம்பைச் செலுத்திய கோழிகள் சாகவில்லை. பிறகு புதிய, கடுமையான கிருமியைச் செலுத்தியபோதும் தாங்கிக்கொண்டன. விடுமுறையில் மறந்துபோன குடுவையால் வந்த அதிர்ஷ்டம் என்று கதை சொல்வார்கள். அவருடைய சோதனைக் குறிப்பேடுகளைப் பார்த்தவர்கள், அது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை, எமில் ரூ என்ற உதவியாளரின் தொடர்ந்த வேலையும் அதில் இருக்கிறது என்கிறார்கள். எப்படியோ, கிருமியை வலுக்குறைத்து உடம்புக்குள் விடலாம் என்ற கருத்து கையில் கிடைத்துவிட்டது. 1881-இல் லண்டன் மாநாட்டில், ஜென்னரைப் பெருமைப்படுத்தும் விதத்தில், இப்படிப்பட்ட எல்லாவற்றுக்கும் ‘வாக்சின்’ என்றே பெயர் வைக்கலாம் என்றார் பாஸ்டர். ஜென்னருடைய வாக்சின் பசுவிலிருந்து வந்ததால் வந்த பெயர். அந்த ஜென்னரே 1809-இல் நாய்களின் டிஸ்டெம்பர் நோயைப் பற்றி எழுதி, அது வேறு, வெறிநோய் வேறு என்று பிரித்துக் காட்டியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பிறகு ஆந்த்ராக்ஸ், நம் ஊர் அடைப்பான். 1881 மே மாதம் புயி-லெ-ஃபோர் என்ற இடத்தில், ரொசிஞோல் என்ற கால்நடை மருத்துவரின் பண்ணையில் பொதுமக்கள் முன்னிலையில் சோதனை. ஆடுகளில் பாதிக்கு மே 5-லும் 17-லும் தடுப்பூசி; மே 31-இல் எல்லாவற்றுக்கும் கடும் கிருமி. ஜூன் 2-ஆம் தேதி வேடிக்கை பார்க்க வந்த கூட்டம், ஊசி போட்ட ஆடுகள் நின்றுகொண்டு மேய்வதையும் போடாத ஆடுகள் செத்துக் கிடப்பதையும் பார்த்தது. உலகமே கைதட்டியது. ஆனால் இதில் ஒரு சங்கதி உண்டு. காற்றுப் பட்டு வலுவிழந்த கிருமி என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், பாஸ்டரும் அப்படியே நினைக்க விட்டார். உண்மையில் அன்று போட்டது, உதவியாளர் ஷாம்பர்லான் பொட்டாசியம் டைக்ரோமேட் என்ற ரசாயனத்தால் தயாரித்த மருந்து. ரசாயனத்தால் ஆந்த்ராக்ஸ் கிருமியை அடக்கித் தடுப்பூசி செய்யலாம் என்பதை அதற்கு முந்தின வருஷமே காட்டியவர் துலூஸ் கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் தூசேன். அவர் 1890-இல், 43 வயதில் இறந்துபோனார். பாஸ்டரின் குறிப்பேடுகளை அவர் பேரன் 1964-இல் பிரெஞ்சு தேசிய நூலகத்துக்குக் கொடுத்த பிறகுதான் இந்த விவரம் வெளியுலகத்துக்கு உறுதியாகத் தெரிந்தது. பெரிய மனிதர்தான், சந்தேகமில்லை. ஆனால் கூட ஓடியவர்களுக்கு வழிவிடும் குணம் அவரிடம் குறைவு என்பது என் கருத்து.

இனி நாய்க்கு வருவோம். 1880 டிசம்பரில் புர்ரெல் என்ற ஓய்வுபெற்ற ராணுவக் கால்நடை மருத்துவர் பாஸ்டரின் ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு வெறிநாய்களை அனுப்பிவைத்தார். ஒன்று தாடை தொங்கிய ஊமை வெறி, மற்றொன்று சீறிப் பாயும் வெறி. இந்தப் புர்ரெல் பல வருஷம் இந்த நோயோடு மல்லுக்கட்டிவிட்டு, வேறு வழி தெரியாமல், நாய்களின் பற்களை அரத்தால் ராவி மழுங்கச் செய்துவிட்டால் கடி தோலுக்குள் இறங்காது என்று யோசனை சொன்னவர். சிரிக்காதீர்கள். தடுப்பூசி இல்லாத உலகத்தில் ஒரு நல்ல வெட் அந்த அளவுக்குத்தான் யோசிக்க முடிந்தது.

அதற்கு முந்தின வருஷமே லியோன் கால்நடைக் கல்லூரியில் பியேர் விக்டர் கால்த்தியே என்ற பேராசிரியர் வெறிநோயை நாயிலிருந்து முயலுக்கு மாற்றிக் காட்டியிருந்தார். முயல் கடிப்பதில்லை, முடங்கி விழுகிறது. நாயைவிடச் சீக்கிரம் நோய் தெரிகிறது. அதாவது, ஆய்வுக்கூடத்தில் பயமில்லாமல் வைத்துக்கொள்ள ஒரு பிராணி கிடைத்தது. 1881-இல் அவரே வெறிநாய் எச்சிலை ஆட்டின் ரத்தக் குழாய்க்குள் செலுத்தி, ஆட்டுக்கு நோய் வரவில்லை, பிறகும் வராமல் பாதுகாப்பு கிடைக்கிறது என்றும் எழுதினார். பாஸ்டரின் ஐந்தாண்டு வேலைக்கு அடிக்கல் இது. கால்த்தியே 1908-இல் காலமானார். நம் வகுப்புகளில் அவர் பெயரைச் சொன்ன ஆசிரியர் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பாஸ்டர் குழுவினர் இந்தக் கிருமியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, குடுவையில் வளர்க்கவும் முடியவில்லை. வைரஸ் என்பதே அன்று தெரியாது. அதனால் உயிருள்ள பிராணியையே குடுவையாக வைத்துக்கொண்டார்கள். எச்சில் எடுப்பதற்காக, கட்டிப்போட்ட வெறிநாயின் வாயருகே குனிந்து கண்ணாடிக் குழாயில் பாஸ்டரே எச்சிலை உறிஞ்சியிருக்கிறார். நினைத்தாலே நமக்கு முதுகு சில்லிடுகிறது. எச்சிலை நம்ப முடியாது, நோய் மூளையில்தான் இருக்கிறது என்று புரிந்ததும், மண்டையோட்டில் சிறு துளை போட்டு மூளைமேல் நேராகச் செலுத்தும் யோசனை வந்தது. நாய்க்கு வலிக்கும், முடமாகிவிடும் என்று பாஸ்டர் தயங்கிக்கொண்டே இருந்தார். அவர் இல்லாத ஒருநாள் ரூ அதைச் செய்து முடித்துவிட்டார். மறுநாள் அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு மோப்பம் பிடித்து ஓடிவந்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்கு நிம்மதி. அந்த நாய்க்குப் பதினான்கு நாளில் வெறிநோய் வந்தது. அதுவரை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த சோதனைக்கு இப்போது நாள் கணக்குக் கிடைத்தது.

முயலிலிருந்து முயலுக்கு மாற்றிக்கொண்டே போனால் நோய் வரும் காலம் ஏழு நாளில் நிலைத்தது. குரங்கு வழியாகக் கொண்டுபோனால் நாய்க்கு வீரியம் குறைந்தது. 1884-இல் அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. தலைவர் ஆன்ரி புலே, அவரும் கால்நடை மருத்துவர். தடுப்பு ஏற்றிய 23 நாய்கள், ஏற்றாத 19 நாய்கள். கடிக்கவிட்டும் ரத்தத்தில் செலுத்தியும் மூளையில் செலுத்தியும் பார்த்தார்கள். 23-இல் ஒன்றுக்கும் நோய் வரவில்லை. மற்றவற்றில் பெரும்பாலானவை வெறிபிடித்துச் செத்தன. உலகத்தில் வெறிநோய்த் தடுப்பூசிக்கு முதலில் உட்பட்டது நாய், மனிதன் இல்லை. நம் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாஸ்டரின் முதல் கனவும் அதுவே. பிரான்சில் இருக்கும் நாய்கள் எல்லாவற்றுக்கும் தடுப்பு ஏற்றிவிட்டால் மனிதனுக்குக் கடிவழி நோய் வர வழியே இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பாரிஸில் மட்டும் சுமார் 1 லட்சம் நாய். வெளியூர்களில் 25 லட்சம். ஒவ்வொன்றுக்கும் பல ஊசி. அதற்கு எத்தனை முயல், எத்தனை கூண்டு, எத்தனை கை வேண்டும்? நடக்கிற காரியமில்லை என்று அந்தத் திட்டத்தை ஒதுக்கிவைத்தார். கடிபட்ட பிறகு நோய் தெரிய வாரங்கள் ஆகும் அல்லவா, அந்த இடைவெளியில் புகுந்து மனிதனைக் காப்பாற்றலாமே என்று யோசனை திரும்பியது. வெறிநோயில் செத்த முயலின் தண்டுவடத்தைக் குடுவைக்குள் தொங்கவிட்டு, கீழே ஈரம் உறிஞ்சும் பொட்டாஷ் கட்டிகளைப் போட்டு உலர்த்தினால் நாளுக்கு நாள் வீரியம் குறைந்து, பதினான்கு நாளில் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. பழைய தண்டில் தொடங்கி நாள்தோறும் புதிய தண்டுக்கு வந்தால், உடம்பு படிப்படியாகத் தாங்கிக்கொள்கிறது.

1885 ஜூலை 4-ஆம் தேதி, அல்சேஸ் பகுதியில் ஜோசப் மேய்ஸ்தர் என்ற ஒன்பது வயதுப் பையனை ஒரு நாய் 14 இடத்தில் கடித்தது. தெருநாய் இல்லை, தியோடர் வோன் என்ற மளிகைக் கடைக்காரர் வளர்த்த நாய். எஜமானரையே அது கடித்திருந்தது, ஆனால் பல் அவர் தோலுக்குள் இறங்கவில்லை. நாயைக் கொன்று வயிற்றைத் திறந்தபோது வைக்கோலும் மரத்துண்டும் இருந்ததால் வெறி என்று முடிவு செய்தார்கள். அந்த ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து இன்று நாம் யாரும் ரிப்போர்ட் எழுத மாட்டோம், மூளையைப் பரிசோதிப்போம். அன்றைக்கு வேறு வழி இல்லை. ஜூலை 6-ஆம் தேதி அம்மா பையனைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். பாஸ்டருக்கு ஊசி பிடிக்கும் உரிமை கிடையாது. வுல்பியான், கிராஞ்சே என்ற இரு டாக்டர்களைக் கலந்துகொண்டு, கிராஞ்சே கையால் வயிற்றுப் பக்கம் ஊசி போடப்பட்டது. பத்து நாளில் 13 ஊசி. கடைசி ஊசி ஜூலை 16 அன்று, ஒரே நாள் உலர்ந்த தண்டு, முழு வீரியம். அந்த ராத்திரிகளில் பாஸ்டர் தூங்கவில்லை. பையன் பிழைத்தான்.

ரூ இந்தச் சிகிச்சையில் சேரவில்லை. நாய்களில் இன்னும் சரியாகச் சோதிக்காமல் மனிதனுக்குப் போகக்கூடாது என்பது அவர் எண்ணம். குறிப்பேடுகள் வெளிவந்த பிறகு பார்த்தால், மேய்ஸ்தருக்கு முன்பே 1885 மே, ஜூன் மாதங்களில் இரண்டு பேருக்கு ஊசி முயன்றதும், அதை வெளியில் சொல்லாததும் தெரிகிறது. மேய்ஸ்தருக்குப் போட்ட அதே முறையில் நாய்களில் செய்த சோதனை அப்போது முடிந்திருக்கவும் இல்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. எதிரில் நின்றது நிச்சயமாகச் சாகப்போகிற ஒரு குழந்தை என்பதையும் மறக்கக் கூடாது. நான் இரண்டு பக்கமும் யோசித்துப் பார்க்கிறேன். ஊசி போட்டதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மறைத்ததைக் குறை சொல்லத்தான் வேண்டும்.

அக்டோபரில் ழுப்பீய் என்ற 15 வயது ஆட்டிடையன் வந்தான், சின்னப் பையன்களைக் காப்பாற்றப் போய் வெறிநாயின் வாயைக் கையால் பிடித்துக் கட்டியவன். அவனும் பிழைத்தான். பாஸ்டர் நிறுவனத்தின் வாசலில் அவன் நாயோடு போராடும் சிலை இருக்கிறது. லூயிஸ் பெல்த்தியே என்ற பத்து வயதுச் சிறுமி கடிபட்டு 37 நாள் கழித்து வந்தாள். காலம் கடந்துவிட்டது என்று தெரிந்தும் மறுக்க மனமில்லாமல் ஊசி போட்டார்கள். டிசம்பரில் இறந்துபோனாள். கடைசி வரைக்கும் பாஸ்டர் அந்தப் படுக்கை அருகில் இருந்தார். 1886 மார்ச்சில் ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்கிலிருந்து ஓநாய் கடித்த 19 பேர் வந்தார்கள். 16 பேர் உயிரோடு ஊர் திரும்பினார்கள். உலகம் முழுவதிலிருந்தும் நன்கொடை வந்து, 25 லட்சம் பிராங்குக்கு மேல் சேர்ந்து, 1888 நவம்பர் 14 அன்று பாரிஸில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அன்று உணர்ச்சி மிகுதியால் அவரால் படிக்க முடியாமல், உரையை மகன் படித்தார்.

அந்த அலை நம் ஊருக்கும் வந்தது. 1900-இல் கசௌலியிலும் 1907-இல் குன்னூரிலும் பாஸ்டர் நிறுவனங்கள் தோன்றின. கசௌலியில் டேவிட் செம்பில் ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த, பினாலால் கிருமியைக் கொன்ற மருந்துதான் நம் தலைமுறை பயந்து நடுங்கிய அந்த ‘தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி’. 2004 கடைசியில்தான் அதை இந்தியா நிறுத்தியது. இப்போது போடுவது செல் வளர்ப்பில் தயாரான ஊசி, கையில், நாலைந்து தடவையோடு சரி. காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவுவது முதல் வேலை என்பது மட்டும் மாறவில்லை.

பாஸ்டர் கணக்குப் போட்டு ஒதுக்கிவைத்த அந்த முதல் திட்டம் என்ன ஆயிற்று? பிரிட்டன் ஊசி இல்லாமலே, வாய்க்கூடு போட்டும் தனிமைப்படுத்தியும் 1902-இல் நோயை ஒழித்தது; முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் திருட்டுத்தனமாக வந்த நாயால் மறுபடி நுழைந்து, 1922-இல் மறுபடி ஒழிந்தது. ஜப்பானில் உமேனோ, டோய் என்ற இருவர் 1920-களின் தொடக்கத்தில் ஒரே ஊசியில் நாய்களுக்குப் பாதுகாப்புத் தரும் மருந்தைப் பரவலாகப் போட்டுக் காட்டினார்கள். 1950-இல் அங்கே சட்டம் வந்தது: நாயைப் பதிவு செய், வருஷாவருஷம் ஊசி போடு. ஏழே வருஷத்தில் உள்நாட்டு வெறிநோய் முடிந்தது. ஓர் ஊர் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டு அதைத் தொடர்ந்து காத்துவந்தால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. அத்தனை முயலும் கூண்டும் இப்போது வேண்டாம். ஐஸ் பெட்டி வேண்டும், 2 முதல் 8 டிகிரிக்குள் மருந்து இருக்க வேண்டும், நாயைப் பிடிக்க ஆள் வேண்டும்.

மற்ற ஊசிகளும் இந்தக் கிளையில் பூத்தவைதான். டிஸ்டெம்பருக்குக் காரணம் வடிகட்டியில் தப்பும் கிருமி என்று 1905-இல் காட்டிய ஆன்ரி காரே பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர். 1978-இல் திடீரென்று தலைகாட்டிய பார்வோ, நம்மில் மூத்தவர்கள் பலர் படித்து முடித்த பிறகு வந்த நோய். தாய்ப்பால் வழியே வந்த எதிர்ப்பொருள் குட்டியிடம் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது என்பதால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். பூனைக்கும் அப்படித்தான், பான்லூக்கோபீனியாவும் மூச்சு நோய்களும் சேர்த்து. வீட்டுக்குள்ளேயே இருக்கிற பூனைக்கு ரேபீஸ் ஊசி எதற்கு என்று கேட்பவர்களிடம், அந்த மளிகைக் கடைக்காரரின் நாயைப் பற்றிச் சொல்லுங்கள்.

பாஸ்டரின் வெறிநாய்கள் இருந்த இடம் பாரிஸுக்கு வெளியே வில்நெவ்-லெத்தாங் என்ற அரசுத் தோட்டம். நாய்க் கொட்டில் வருகிறது என்றதும் அக்கம்பக்கத்துக்காரர்கள் பயந்துபோய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிறகு அடங்கிப்போனார்கள். கடைசிக் காலத்தில் பாஸ்டருக்குத் தங்க ஒரு வீடும் அங்கேயே இருந்தது. 1895 கோடையில் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மனைவியோ மகளோ பக்கத்தில் இருந்து ஏதாவது படித்துக் காட்டுவார்கள். அந்தச் சமயத்தில் அங்கே டிப்தீரியா மருந்துக்காக ரூ குழுவினர் வளர்த்த குதிரைகள் கட்டப்பட்டிருந்தன. செப்டம்பர் 28-ஆம் தேதி மாலை, அந்த வீட்டிலேயே உயிர் பிரிந்தது. வயது 72. அந்தத் தேதியைத்தான் உலக வெறிநோய் தினமாக அனுசரிக்கிறோம். அவர் உடல் இருப்பது பாரிஸ் நிறுவனத்தின் நிலவறையில். மேலே சுவரெல்லாம் வண்ணக்கல் சித்திரங்கள்: பட்டுப்பூச்சி, திராட்சைக் கொடி, கோழி, ஆடு, நாய். மேய்ஸ்தர் பெரியவனாகி அந்த நிறுவனத்திலேயே வாயிற்காவலர் வேலைக்கு வந்து, 1940 வரை அங்கேயே இருந்தார்.